பழைய ஆர்கனுக்கு ஒரு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

ஒரகடம் ரோட்டில் தினமும் போய்வருகிறவர்கள் ஒரு விஷயம் பண்ணுங்க. சிக்னலில் பக்கத்தில் ஒரு யமஹா பைக் நின்றால், அதில் இருக்கும் சின்னத்தை உற்றுப் பாருங்க. வட்டத்துக்குள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுகிற மூன்று கருவிகள் தெரியும். அது ஸ்பேனர் இல்லை. ஸ்கூல் பிசிக்ஸ் லேபில் ரப்பரில் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டோமே, அந்த இசைக்கவை.

வல்லம் வடகாலில் 2015-ல் ஆலை திறந்த பைக் கம்பெனிக்கு இசைக்கவை எதுக்கு? ஏன்னா அந்தப் பெயரின் கதை பைக்கில் ஆரம்பிக்கவில்லை, ஆர்கனில் ஆரம்பித்தது. 1887-ல் ஜப்பானின் ஹமமாட்சு நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ரீட் ஆர்கன் ரிப்பேர் ஆனது. சரிசெய்ய வந்தவர் தொரகுசு யமஹா. திறந்து பார்த்தார், எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டார், பிறகு தானே ஒன்றைச் செய்தார். 1897-ல் அது நிப்பான் கக்கி என்ற கம்பெனி ஆனது. மோட்டார் சைக்கிள் பிரிவு தனிக் கம்பெனியாகப் பிரிந்தது 1955-ல்.

அந்த 1955-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க. அதே வாக்கில் அமெரிக்காவின் சிகாகோவில் ஒரு மின்சார ஆர்கன் கம்பெனி தன் புது மாடலில் ஒரு சின்ன வசதியைச் சேர்த்தது. பெயர், பெர்கஷன். அதற்கு முன்பே பெரிய காசு கொடுத்துப் பழைய மாடலை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரே கேள்விதான்: "என் ஆர்கன்ல இதை மாட்ட முடியுமா?" புதுப் பைக்கில் வரும் வசதியைப் பார்த்துவிட்டுத் தன் பழைய வண்டியைப் புதுப்பேட்டைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர் கேட்கும் அதே கேள்வி. இன்றைய எபிசோட் அதைப் பற்றித்தான்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிடறேன். பெர்கஷன் என்றதும் தவில், டிரம்ஸ் என்று போய்விடாதீங்க. இங்கே தாளக்கருவி எதுவும் கிடையாது. கட்டையை அழுத்தும் கணத்தில் 'டிங்' என்று ஒரு ஒலி எழுந்து உடனே தேய்ந்து போகும். அவ்வளவுதான். அந்த ஒரு டிங்குக்காக மக்கள் எழுபது வருஷமாக மெனக்கெடுகிறார்கள்.

கடிகாரக்காரர் செய்த ஆர்கன்

லாரன்ஸ் ஹாமண்ட் மெக்கானிக்கல் இன்ஜினீயர். ஆர்கன் வாசிக்கத் தெரியாது. அவர் தொழில் மின்சாரக் கடிகாரம். கரன்ட்டின் அலைவெண்ணோடு அச்சு அசலாகச் சேர்ந்து சுற்றும் சிங்க்ரனஸ் மோட்டார்தான் அவருடைய பலம். அமெரிக்காவில் கரன்ட் நொடிக்கு 60 முறை அலைகிறது, அதனால் மோட்டாரின் வேகம் மாறாது. வேகம் மாறாவிட்டால் சுருதியும் மாறாது. இதைப் பிடித்துக்கொண்டு 1934-ல் காப்புரிமை வாங்கினார். 1935-ல் 'மாடல் ஏ' வெளிவந்தது.

உள்ளே என்ன இருக்கும்? ஒரு மோட்டார், அதோடு பல்சக்கரங்கள், அவற்றோடு சுற்றும் உலோகச் சில்லுகள். பொதுவாக 91 சில்லுகள். ஒவ்வொன்றின் விளிம்பும் மேடும் பள்ளமுமாக இருக்கும். பக்கத்தில் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும். சில்லு சுற்றும்போது மேடு பள்ளம் காந்தத்தைக் கடந்து போகிறது, சுருளில் மெல்லிய மின்னலை பிறக்கிறது. அதுதான் சுரம். டோன்வீல் என்று பெயர்.

ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம் மட்டும் வராது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒன்பது கான்டாக்ட். அடிப்படைச் சுரம், மேல் ஸ்தாயி, அதற்கும் மேலே உள்ள ப என்று ஒன்பது ஒலிகள் தனித்தனியாக வரும். எது எவ்வளவு வேண்டும் என்பதை ட்ராபார் என்ற ஒன்பது கம்பிகளை இழுத்தும் தள்ளியும் முடிவு பண்ணலாம். பெரிய மாடல்களில் ஒரு வரிசைக்கு 61 கட்டை. 61-ஐ ஒன்பதால் பெருக்கினால் 549 கான்டாக்ட். ஒரு வரிசைக்கு மட்டும்! அப்படி இரண்டு வரிசை.

நம்ம ஊருக்காக ஒரு சின்னக் கணக்கு. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஹாமண்டை நம்முடைய 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டில் போட்டால் என்ன ஆகும்? மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் மூன்று கட்டைக்கும் கொஞ்சம் அதிகமாகச் சுருதி இறங்கிவிடும். அதனால்தான் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கென்று தனி வகை செய்தார்கள். அது இருந்தாலும் இங்கே பிரச்சினை தீராது. தென் மாநிலங்களின் கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். அதற்கு முந்தைய பற்றாக்குறைக் காலங்களில் அலைவெண் 50-ல் நிற்காது. அது 48.5-க்கு இறங்கினால், பக்கத்துக் கட்டைக்குப் பாதி தூரம் சுருதி இறங்கும். சாயங்காலம் ஊரே மோட்டார் போடும் நேரத்தில் உங்க ஆர்கன் தானாக ஸ்ருதி விட்டுவிடும்!

தள்ளுவதும் மீட்டுவதும்

இவ்வளவு அழகான இயந்திரத்தில் ஒரு குறை. கட்டையை அழுத்தினால் ஒலி வரும், விரலை எடுக்கும்வரை அதே அளவில் நிற்கும், எடுத்தால் நிற்கும். லைட் சுவிட்ச் மாதிரி. ஆன், ஆஃப்.

ஆர்மோனியத்தையும் வீணையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து யோசிச்சுப் பாருங்க. ஆர்மோனியத்தில் காற்றைத் தள்ளுகிறோம். தள்ளும்வரை ஒலி நிற்கிறது. வீணையில் மீட்டுகிறோம். மீட்டிய கணத்தில் ஒலி உச்சத்துக்குப் போய், பிறகு தானாகக் கரைகிறது. நம் காது ஒரு கருவியை அடையாளம் கண்டுபிடிப்பதில் அந்த முதல் கணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஹாமண்ட் ஆர்கன் அந்த வகையில் ஆர்மோனியத்தின் பக்கம். மீட்டு கிடையாது.

ஒரு விதத்தில் தெரியாமல் ஒரு மீட்டு அதில் புகுந்திருந்தது. ஒன்பது கான்டாக்ட்டும் சரியாக ஒரே நொடியில் மூடாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதனால் ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று ஒரு சத்தம். ஹாமண்ட் இன்ஜினீயர்கள் இதைக் குறையாகப் பார்த்து, குறைக்கப் போராடினார்கள். ஜாஸ் வாசித்தவர்களுக்கோ அதுதான் பிடித்துப்போனது.

ஒரே தொட்டி, 61 குழாய்

1935-லிருந்து ஏறக்குறைய இருபது வருஷம் வந்த மாடல்கள் எல்லாம் மீட்டு இல்லாமலே வந்தன. 1955 வாக்கில் பி-3, சி-3 வந்தபோதுதான் பெர்கஷன் சேர்ந்தது. நாலு சுவிட்ச். ஒன்று ஆன், ஆஃப். ஒன்று சத்தம் மெதுவாகவா வழக்கம்போலவா. ஒன்று டிங் சீக்கிரம் தேயணுமா நிதானமாகவா. கடைசி ஒன்று எந்த ஒலி டிங் என்று கேட்கணும்: இரண்டாவது ஹார்மோனிக்கா, மூன்றாவதா. அதாவது மேல் ஸ்தாயி ஸ-வா, அதற்கும் மேலே உள்ள ப-வா.

இதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒழுங்காகச் செய்வதென்றால் 61 கட்டைக்கும் தனித்தனியாகத் தேயும் சர்க்யூட் வேண்டும். அது வால்வு காலம். 61 வால்வு சர்க்யூட் போட்டால் விலையும் சூடும் எங்கேயோ போய்விடும். அதனால் ஒரே ஒரு சர்க்யூட் போட்டு, அதை எல்லாக் கட்டைக்கும் பொதுவாக்கினார்கள்.

உங்க அபார்ட்மென்ட் மாடியில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி, 61 குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் குழாயைத் திறக்காதபோது தொட்டி நிறைந்திருக்கும். யாராவது ஒருவர் திறந்ததும் தொட்டி காலியாகத் தொடங்கும். தண்ணீர் மட்டம் இறங்குவதுதான் டிங் தேய்வது. எல்லாக் குழாயும் மூடினால்தான் தொட்டி மறுபடி நிறையும். இதில் தொட்டி என்பது ஒரு கெப்பாசிட்டர்.

விளைவு என்ன? எல்லாக் கட்டையிலிருந்தும் விரலை எடுத்துவிட்டு அழுத்தினால் டிங் வரும். ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் டிங் வராது, வெறும் ஆர்கன் ஒலிதான். இதைக் கேட்டதும் எனக்கு வீணைதான் ஞாபகம் வந்தது. ஒரு மீட்டில் நான்கு ஐந்து ஸ்வரங்களை இழுத்துவிட்டு அடுத்த மீட்டு போடுவதில்லையா? அதே கதை. ஒவ்வொரு சொற்றொடரின் முதல் சுரம் மட்டும் அழுத்தம் பெறும், மற்றவை அதில் சவாரி செய்யும். எங்கே விரலை விட வேண்டும் என்பதே வாசிப்பவரின் கையெழுத்தாகிவிட்டது. ஜிம்மி ஸ்மித் 1956-லிருந்து ப்ளூ நோட் கம்பெனிக்குப் பதிவுசெய்த இசைத்தட்டுகளில் ஆர்கன் ஒரு முன்னணி ஜாஸ் கருவியாக உட்கார்ந்தது. அந்த ஒலியில் இந்த டிங்குக்குப் பெரிய இடம் உண்டு.

இன்னொரு சமரசமும் உண்டு. கட்டை அழுத்தப்பட்டது என்று அந்த ஒரே சர்க்யூட்டுக்கு யார் சொல்வது? தனியாக 61 கான்டாக்ட் சேர்க்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் ஒன்பதில் ஒன்றைக் கடன் வாங்கினார்கள். ஒன்பதாவது, எல்லாவற்றிலும் உச்சமான ஒலி தரும் கான்டாக்ட். பெர்கஷன் ஆனில் இருக்கும்வரை ஒன்பதாவது ட்ராபாரை இழுத்தாலும் ஒலி வராது. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றைக் கொடுக்கணும்.

பழைய மாடல்காரர்கள்

இப்போ பி-2, சி-2 வைத்திருப்பவரின் பக்கம் வருவோம். 1949-லிருந்து பி-3 வரும்வரை விற்ற மாடல்கள் இவை. டோன்வீல், கான்டாக்ட், ட்ராபார் எல்லாம் அடிப்படையில் பி-3-யில் இருப்பவைதான். டிங் மட்டும் இல்லை. பெஞ்ச், கால் பெடலோடு சுமார் 190 கிலோ எடையுள்ள சாமானை, ஒரு டிங்குக்காகத் தூக்கிப்போட்டு வேறு வாங்க முடியுமா?

இங்கேதான் வெளியாட்கள் வந்தார்கள். ஹாமண்டுக்கு வெளியாட்கள் புதிதல்ல. டான் லெஸ்லி என்பவர் 1940-களிலேயே சுழலும் ஸ்பீக்கர் ஒன்றைச் செய்து ஹாமண்ட் ஆர்கனோடு இணைத்தார். லாரன்ஸ் ஹாமண்டுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கம்பெனி பல பத்தாண்டுகள் அதைத் தன் கடைகளில் விற்க மறுத்தது. ஆனால் இன்று ஹாமண்ட் ஒலி என்று நாம் நினைப்பதில் பாதி, கம்பெனி வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெட்டியின் ஒலி.

பெர்கஷனிலும் இதே வழி. பி-3-க்கு முந்தைய மாடல்களில் மாட்டும்படி வெளி நிறுவனங்கள் கிட் செய்து விற்றன. அமெரிக்காவின் ட்ரெக் டூ அவற்றில் பெயர் பெற்றது. வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைத்து அதே வேலையைச் செய்தார்கள்.

மாட்டுவது என்றால் என்னென்ன? மேல் வரிசையின் ஒன்பதாவது பாதையைப் பிரித்து, கட்டை அழுத்தியதைச் சொல்லும் ஒயராக மாற்றணும். இரண்டாவது, மூன்றாவது ஹார்மோனிக் ஒலிகளைத் தட்டி எடுத்து கிட்டுக்குள் அனுப்பணும். கிட்டிலிருந்து வரும் டிங்கை ஆம்ப்ளிஃபயருக்கு முந்தைய கட்டத்தில் சேர்க்கணும். நாலு சுவிட்சுக்கு மரச்சட்டத்தில் இடம் பார்க்கணும். பக்கத்தில் வால்வுகளுக்குப் போகும் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது. சுவிட்சை ஆஃப் பண்ணினாலும் கெப்பாசிட்டர்களில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். கவனமில்லாத கைக்கு அது இடமில்லை.

இதில் தொழில் தெரிந்தவரின் அடையாளம் ஒன்று உண்டு. பெர்கஷனை ஆஃப் செய்தால் ஒன்பதாவது ட்ராபார் மறுபடி பாடணும். பழைய ஒயரை வெட்டி எறியாமல், நாளைக்கே கிட்டைக் கழற்றினாலும் ஆர்கன் பழைய ஆர்கனாக நிற்கும்படி மாட்டணும். பெரிய ஹாமண்ட்களில் டோன்வீல் வைத்துச் செய்வது 1970-களின் நடுவில் நின்றுபோனது. அதற்குப் பிறகு வெட்டப்பட்ட ஒவ்வொரு ஒயரும் உலகத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சத்தில் கைவைப்பதுதான்.

பக்கையும் சேர்த்துக் காப்பி

சாஃப்ட்வேர்காரனாக என்னை யோசிக்க வைத்த இடம் இதுதான். டிரான்சிஸ்டர் வந்த பிறகு பழைய சமரசங்களுக்கு முன்னளவு கட்டாயம் இல்லை. இன்று என் லேப்டாப்பில் ஒவ்வொரு கட்டைக்கும் தனி டிங் கொடுக்க நாலு வரி கோட் போதும். ஆனால் அப்படிக் கொடுத்தால் ஆர்கன் வாசிப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எல்லாச் சுரமும் டிங் டிங் என்று சம அழுத்தத்தில் அடித்தால் சொற்றொடர் செத்துப்போகும். அதனால் கிட்டில் ஒரே தொட்டிதான். டிஜிட்டல் ஹாமண்ட்களிலும் ஒரே தொட்டிதான். கணினி நிரல்கள் கான்டாக்ட்டின் டிக் சத்தத்தைக்கூடக் கணக்குப் போட்டு உண்டாக்குகின்றன. அதைக் கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழ் வேறு!

பழைய கோடைக் கையில் வாங்கும் எல்லாருக்கும் இது தெரியும். முட்டாள்தனமாகத் தெரியும் ஒரு வரியை அழிக்கப் போவோம். அழித்தால் எங்கேயோ யாருடைய வேலையோ நின்றுபோகும். ஏன்னா அந்த வரியை நம்பி அவர்கள் பழகிவிட்டார்கள். காசு மிச்சம் பிடிக்க ஒருவர் எடுத்த முடிவு, இன்னொருவரின் விரலில் ஏறி, கலை ஆகிவிட்டது. கிட் செய்தவர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். அவர்கள் டிங்கைக் காப்பி எடுத்ததோடு, டிங் வராமல் போகும் இடங்களையும் காப்பி எடுத்தார்கள்.

நம் பக்கத்தில்

இந்தியாவில் இந்தப் பழக்கம் புதிதா என்ன? கிளாவியோலின் என்று ஒரு கருவி. 1947-ல் பிரான்ஸில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் செய்தது. பியானோவின் கட்டைகளுக்கு அடியில் பொருத்திக்கொள்ளும் குட்டி மின்னணுக் கீபோர்டு. பிறவியிலேயே எக்ஸ்ட்ரா ஃபிட்டிங். 1954-ல் ஹேமந்த் குமார் இசையமைத்த 'நாகின்' இந்திப் படத்தில் கல்யாண்ஜி இதில் மகுடி ஒலியைக் கொண்டுவந்தார். படமெடுத்து ஆடும் பாம்பு என்றாலே இன்றும் நம் காதில் ஒலிப்பது ஏறக்குறைய அதுதான். நாடே மகுடி என்று நம்பியது ஒரு பிரெஞ்சுப் பெட்டியை.

கோடம்பாக்கத்தில் மின்சாரக் கீபோர்டுகள் எவ்வளவு அரிது என்பதற்கு ஒரே உதாரணம் போதும். இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976-ல் இறந்த பிறகு, அவர் வைத்திருந்த கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. மகன் திலீப், பிற்காலத்து ஏ.ஆர். ரஹ்மான். வாடகையில் ஒரு வீடே ஓடும் அளவுக்கு மதிப்புள்ள சாமான் ரிப்பேர் ஆனால் யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். திறந்துதான் பார்ப்பார்கள்.

திறக்க முடிகிற பெட்டி

இந்தக் கதை நடந்ததற்குக் கெட்டிக்காரத்தனம் மட்டும் காரணம் இல்லை. ஹாமண்டின் சர்வீஸ் புத்தகத்தில் சர்க்யூட் படம் இருந்தது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று போட்டிருந்தது. திருகாணியைக் கழற்றினால் உள்ளே போகலாம். கம்பெனிக்கு லெஸ்லி பிடிக்கவில்லைதான், ஆனாலும் இயந்திரம் அவருக்குக் கதவைச் சாத்தவில்லை.

நான் ஒரகடம் பக்கம் வண்டிகளுக்குள் ஓடும் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். எங்கள் வேலையில் கணிசமான பகுதி, வெளியாள் உள்ளே கைவைக்காமல் பூட்டுவது. அதற்கு நியாயமும் இருக்கிறது. பிரேக் சாஃப்ட்வேரில் யாரோ எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போட்டு யாரோ சாகக் கூடாது. ஆனால் பாட்டுப் பெட்டிக்கும் பேட்டரிக்கும் அதே பூட்டைப் போடும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. 2022-ல் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' பற்றிக் குழு அமைத்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வாகனம் என்று நாலு துறை. அதில் மூன்றாவது இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ரோட்டில் லாரி லாரியாகப் போவதை நான் தினமும் பார்க்கிறேன். அவற்றில் எத்தனையை இருபது வருஷம் கழித்து ஒருவர் திறந்து, புரிந்துகொண்டு, ஒரு டிங் சேர்க்க முடியும்? இங்கே லைனில் நிற்கும் டிப்ளமோ படித்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தான் மாட்டும் ஒரு பாகத்தைத் தாண்டி முழு வண்டியையும் திறந்து பார்க்க வாய்ப்பு கிடைக்கிறது? யமஹா என்ற பெயரே ஒருவர் ரிப்பேருக்கு வந்து திறந்து பார்த்ததில் பிறந்தது.

ஹாமண்ட் கம்பெனி 1980-களில் மூடப்பட்டது. பெயரைப் பின்னர் வாங்கியது ஜப்பானின் சுசுகி. கார் செய்யும் சுசுகி இல்லை, அதே பெயரில் இருக்கும் இசைக்கருவிக் கம்பெனி. அதன் ஊர் எது என்று நினைக்கிறீங்க? ஹமமாட்சு.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை கொடுக்கிறேன். இன்னைக்கு ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஜிம்மி ஸ்மித்தைப் போடுங்க. டியூனை விட்டுடுங்க. டிங் எங்கே வருது, எங்கே வராம போகுது, அதை மட்டும் எண்ணுங்க. வராத இடத்துல எல்லாம் அவர் ஏதோ ஒரு கட்டையை இன்னும் விடாமல் பிடிச்சிருக்கார்னு அர்த்தம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.